முக்காட்டம்மாவுக்கு எழுபதுக்கு எத்தனை?

லில்லிவத்தை தோட்டம், கீழ்ப்பிரிவு,
எஹலியகொட.
11.02.2025

தம்பி கிருஷாந்துக்கு,

இரண்டரை வருடம் கழித்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை. வத்தளையில் எல்லாம் சுத்தமாக இருக்குமாம், அதனால் சுகமாகத்தான் இருப்பாய். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

விஷயம் முக்காட்டம்மா காசைப் பற்றியது. டவுனுக்குப் போனவர்களுக்கு மறதி அதிகம் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு பக்கம் முக்காடு போட்ட ராணி, மறுபக்கம் குதிரைமேல் மதுரைவீரன். இந்தப் பிரிவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாள் அந்தக் காசின் ஓரத்தைச் சந்தனக்கல்லில் உரசி, தேனில் குழைத்து நாக்கில் வைப்பது நம் வீட்டு வேலை. அம்மா போன பிறகு நான்.

உன் மகன் பிறந்தபோதும் கொண்டுவந்தேன். பெற்றோல் இல்லாத ஆடி மாதம். அவிசாவளை வரை மரக்கறி லொறியில் நின்றுகொண்டு, அங்கிருந்து எது கிடைத்ததோ அதில். ஏழு மணித்தியாலம். நீ ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்து, "அக்கா, இன்பெக்‌ஷன் ஆகிரும். அதெல்லாம் வேணாம்" என்றாய். தேன் போத்தலின் மூடியைக்கூடத் திறக்காமல் திரும்பினேன். சரி, அது போகட்டும். போகவில்லை, ஆனாலும் போகட்டும்.

இப்போது எங்களுக்குப் புது மிட்வைப் வந்திருக்கிறார், ஷிப்னா மிஸ். நல்ல பிள்ளை. போன வாரம் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளை நான் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டார்.

"அக்கா, அது தங்கம்னு உங்களுக்கு யாரு சொன்ன?"

"யாரும் சொல்லலியே மிஸ். அது தங்கந்தானே."

"பித்தளையா இருந்தா? ஈயம் கலந்திருந்தா? பச்சப் புள்ளட நாக்குல தானே வெக்கிறீங்க? கடதாசி ஒண்ணு இருந்தா காட்டுங்க."

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு கேட்டிருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இருநூற்றுப் பத்தொன்பது பிள்ளைகளுக்கு என் விரலால் வைத்திருக்கிறேன். கொப்பியில் பெயர் இருக்கிறது. படுத்தால் ஒவ்வொரு பெயராக வருகிறது. எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் விஜயகலாவுக்குச் சித்திரையில் பிள்ளை பிறக்கிற நாள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எஹலியகொடையில் நகைக்கடைத் தாஸிம் முதலாளியிடம் காட்டினால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அடுத்த அரை நிமிடத்தில் டவுனுக்கே சொல்லிவிடுவார். நீ இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களுக்குச் சேதம் எத்தனை வீதம் என்று எழுதுகிறவன். அசலும் போலியும் பிரித்துப் பார்க்கிறவர்களை உனக்குத் தெரிந்திருக்கும். பித்தளை என்று வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னது சரி என்றாகிவிடும். அதையும் உன்னிடமே கேட்டு எழுத வேண்டியிருக்கிறது, பார்.

அக்கா,
கலைச்செல்வி


வத்தளை
20.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டே முழுவதும் வாசித்தேன்.

விசாரித்துவிட்டேன். கொழும்பில் அப்ஹம் என்று ஒரு பழைய நாணய வியாபாரி. நாணயங்களை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் பார்த்து வாங்கிக் கொடுப்பதும் அவர் தொழில். அங்கே இதற்கென்றே படித்த ஆட்கள் இருக்கிறார்களாம். மூன்று பேர் தனித்தனியாகக் காசைப் பார்த்து, எழுபதுக்கு மதிப்பெண் போடுவார்கள். எழுபதுக்கு எழுபது என்றால் அச்சடித்த நாளிலிருந்து மனிதக் கை படவில்லை என்று அர்த்தம். பிறகு காசைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சீல் வைத்து, ஓர் எண் கொடுப்பார்கள். உலகத்தில் எங்கிருந்து அந்த எண்ணைத் தட்டினாலும் நம் காசின் படம் வரும்.

இதைக் கேட்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது. நம் லயத்து வரிசை வீடுகளுக்கு இன்றுவரை இலக்கம் கிடையாது. இந்தக் கடிதம்கூட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மேசைக்குத்தான் வந்து, அவருக்கு மனமிருக்கிற நாளில் உங்களிடம் வரும். முக்காட்டம்மாவுக்கு மட்டும் நிரந்தர விலாசம் கிடைக்கப் போகிறது.

அப்ஹம் காசு வந்த கதையைக் கேட்டார். நம் வீட்டில் மூன்று கதை உண்டு. முப்பாட்டன் ஆற்று வெள்ளத்தில் துரைசானியைத் தோளில் சுமந்ததற்குக் கிடைத்தது. துரைசானியின் நாயைச் சுமந்ததற்குக் கிடைத்தது. மூன்றாவதை நம் வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை. நான் முதலாவதைச் சொன்னேன்.

விஜயகலாவின் புருஷன் அஜந்தன் இங்கே பேக்கரியில்தான் வேலை. லீவில் அங்கே வந்திருக்கிறானாமே. அவனிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஆஸ்பத்திரி விஷயம் பற்றி மூன்று வரி எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். டொக்டர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

கிருஷாந்த்


லில்லிவத்தை
03.03.2025

தம்பிக்கு,

எழுபதுக்கு எத்தனை எடுத்தால் பாஸ் என்று எழுதவில்லையே. நம் ஸ்கூலில் நூறுக்கு முப்பத்தைந்து. அந்தக் கணக்குப்படி இருபத்தைந்து எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எடுத்தால் சந்தோஷம்.

காசு அஜந்தனிடம் வருகிறது. பஸ்ஸில் கள்ளர் பயம், ஆகவே ஒரு கித்துள் கருப்பட்டியைக் குடைந்து உள்ளே வைத்து, பாணியை ஊற்றி மூடிவிட்டேன்.

"அக்கா, வழியில பசிச்சா?" என்றான்.

"பசிச்சா செத்துப் போ. தொடாத."

"நான் செத்தா புள்ளைக்கு யாரு பேரு வைக்கிறது?"

"காசு வந்து சேரட்டும், பேரெல்லாம் நாங்க வைச்சுக்கிறோம்."

உள்ளே வைப்பதற்கு முன் காசை நன்றாகக் கழுவினேன். புளி போட்டு ஒரு தரம், சாம்பல் போட்டு ஒரு தரம், கடைசியில் பல்பொடி போட்டுப் பழைய பிரஷ்ஷால் இரண்டு மணித்தியாலம். கம்பெனியின் மேலதிகாரி வீ.ஏ. தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சாக்கடைக் கானை வெட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, தலை வாரி, வரிசையில் நிறுத்துகிறோம். நம் ஆட்களை யாரும் அழுக்கு என்று சொல்லக்கூடாது. சீமை வரைக்கும் பரீட்சைக்குப் போகிற காசை நூறு வருடத்துக் கறுப்போடு அனுப்புவேனா? இப்போது மதுரைவீரனின் குதிரைவால்கூடத் தெரிகிறது. நீ பெருமைப்படுவாய்.

ஷிப்னா மிஸ் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். சீக்கிரம் எழுது.

அக்கா


வத்தளை
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மற்றதெல்லாம் பிறகு. தங்கம். இருபத்திரண்டு கரட். அப்ஹமிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, காசில் வைத்து அழுத்தினால் உள்ளே என்னென்ன உலோகம் என்று காட்டும். தங்கமும் கொஞ்சம் செம்பும். ஈயம் துளியும் இல்லை. அதை எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டை இதோடு வைத்திருக்கிறேன், மிஸ்ஸிடம் காட்டுங்கள். அதைக் கேட்டதும் நான் வெளியே போய், ரோட்டோரக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.  

இனிக் கெட்ட செய்தி. கருப்பட்டியிலிருந்து காசை எடுத்து, வெந்நீரில் விட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அப்ஹம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவமே! இத யாரு கழுவின?"

"எங்க அக்கா."

"புளியா?"

"புளி, சாம்பல், பல்பொடி."

"நூறு வருஷத்துல ஒரு காசு தானா ஒரு நிறம் போட்டுக்கும். அவங்க பாக்கிறதே அதத்தான். உங்கட அக்கா அத மட்டும் பாத்துப் பாத்து எடுத்திருக்காங்க."

அக்கா, உலகத்திலேயே அழுக்குக்கு மதிப்பெண் கொடுக்கிற பரீட்சை இது ஒன்றுதான். அதற்கு நாம் குளித்துத் தலைவாரிப் போயிருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. தராசில் வைத்தார். இந்த மாதிரிக் காசு ஏறக்குறைய எட்டுக் கிராம் இருக்க வேண்டுமாம், 7.98. நம்முடையது 6.87. ஓரத்தில் ஒரு பக்கம் நகம் வெட்டியது போல் தட்டையாக இருப்பதைக் காட்டினார்.

"களவு போயிருக்கு. அந்தக் காலத்துல கள்ளன்மார் காசுட ஓரத்தச் சுரண்டி, தூளச் சேத்து விப்பாங்க. ஆனா நான் இப்படி ஒண்ணக் கண்டதில்ல. ஒரே இடம், ஒரே சாய்வு, வருஷக்கணக்கா. நல்ல பொறுமையான கள்ளன்."

எனக்கு அந்தக் கள்ளனைத் தெரியும். 

முடிவு இதுதான். எழுபதுக்கு எத்தனை என்ற இடத்தில் எண்ணே போட மாட்டார்கள். 'அசல். சேதமுற்றது' என்று மட்டும் எழுதுவார்கள். ஆனாலும் பெட்டியும் சீலும் இலக்கமும் கிடைக்கும். அந்த இரண்டு சொல்லையும் அப்ஹம் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நம் எல்லோருடைய அடையாள அட்டையிலும் அச்சடித்திருக்க வேண்டியது, தவறுதலாக விட்டுவிட்டார்கள்.

பெட்டியில் அடைத்தால் பிறகு உரச முடியாது. உடைத்துத் திறந்தால் சான்றிதழ் செல்லாது. அடுத்த பார்சல் ஏப்ரல் பதினோராம் தேதி போகிறது. அடைப்பதா வேண்டாமா என்று அதற்குள் எழுதுங்கள்.

இன்னொன்று. இதுவரை மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கு இருக்கிறதா?

கிருஷாந்த்


லில்லிவத்தை
24.03.2025

தம்பிக்கு,

முதல் வரியை வாசித்ததும் பிள்ளைக்காம்பரா படியில் உட்கார்ந்து அழுதேன். தூங்கிக்கொண்டிருந்த பதினொன்றும் எழும்பிக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதன. அவற்றுக்குக் காரணம் தேவையில்லை.

கழுவியது பிழை என்றால் பிழைதான். அழுக்கைப் பார்த்து மதிக்கிற துரைமார் ஒரு நாள் வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துண்டை ஷிப்னா மிஸ்ஸிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சட்டத்தை விடவில்லை. "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் வாயில படக்கூடாது அக்கா. தேன் ஒரு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது. தங்கமா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார்.

நீ கேட்ட கணக்கை எடுத்தேன். என் கொப்பியில் 219. எனக்கு முன்னால் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்களின் கொப்பிகள் ஆபீஸ் ஸ்டோரில், தேயிலைச் சாக்குக்கு அடியில் இருந்தன. அறுபதாம் வருடத்துக் கொப்பியைக் கறையான் தின்று, பெயர்களின் முதல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுபதுகளில் பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு. செத்தவர்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். இல்லை, இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள். அதற்கும் முந்தியதைச் சம்பளப் பதிவான செக்ரோல் பார்த்துக் கிளாக்கர் ஐயா கணக்கிட்டுத் தந்தார். ஏனென்று கேட்டார், சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "என் பேரும் இருக்கா பாருங்க" என்றார். இருந்தது. 1968. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர், தம்பி.

மிஸ்ஸிடம் இன்னொன்றும் கேட்டேன். அந்தத் தங்கம் எங்கே போயிருக்கும்? உடம்பில் இருக்குமா?

"இல்லக்கா. தங்கம் உடம்புல சேராது. அடுத்த நாளே வெளிய போயிரும்."

அப்படியென்றால் பிள்ளைத்துணி கழுவிய தண்ணீரோடு கானில் இறங்கி, கீழே றப்பர் மலைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு வாசலில் நின்று அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்க்கிற மலைதான். பத்து மைலுக்கு அந்தப் பக்கம் மாணிக்கக்கல் இருக்கிறதென்று மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் நூறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் மண்ணுக்குள் தங்கம் போட்டு வந்திருக்கிறோம். நம் பெயரில் இங்கே ஒரு பேர்ச் காணி கிடையாது. நம்மிடம் வாங்கிக்கொண்டதை மண்ணாவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கும்.

அடைப்பதைப் பற்றி இன்னும் மனம் ஒரு நிலையில் இல்லை. எழுதுகிறேன்.

அக்கா


வத்தளை
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். குறைந்திருப்பது ஒரு கிராமும் கொஞ்சமும். பிள்ளைகள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். ஆளுக்கு ஒரு மில்லிகிராம். ஓர் அரிசிமணியை இருபதாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டு. எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, கிளாக்கர் ஐயாவுக்கு ஒன்று, கப்பலேறியவர்களுக்கும் பெயரின் முதல் பாதி மட்டும் மிஞ்சியவர்களுக்கும் ஒவ்வொன்று. ஒருவருக்கும் கூடவில்லை, குறையவில்லை. சம்பளத்தில்கூட இந்தத் தோட்டம் இப்படிப் பங்கிட்டதில்லை.

பன்னிரண்டு வருடமாக நான் சேதம் பார்க்கிறேன். எந்தச் சேதத்துக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கும், ஒரு குற்றவாளி இருப்பான். விபத்தே இல்லாத ஒரு சேதத்தை இப்போதுதான் முதல் தரம் பார்க்கிறேன். அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

அப்ஹமின் கண்ணாடியை இரவல் வாங்கி வந்தேன். அந்தத் தட்டையான இடத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. என்னுடையது எது என்று தேடினேன். முட்டாள்தனம்தான். தேடினேன். என் மனைவி அனுஷியா வந்து, "என்னத்த அப்பிடிப் பாக்குறீங்க?" என்றாள். சொன்னேன். அவளும் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நம்ம புள்ள கவினோடது இதுல இல்லதானே?" என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நின்ற நிலையை மூன்று வரியில் எழுதி வெட்டினேன் என்று சொன்னேனே. அந்த மூன்று வரியிலும் மன்னிப்பு என்று இல்லை. அதனால்தான் வெட்டினேன்.

இரண்டு வயதும் எட்டு மாதமும் ஆன ஒருவருடைய விண்ணப்பம் காலம் கடந்ததா, அல்லது ஏற்றுக்கொள்வீர்களா? காசைப் பார்சலில் அனுப்ப எனக்கு மனமில்லை. உங்கள் முடிவு வரும்வரை காத்திருக்கிறேன்.

கிருஷாந்த்


லில்லிவத்தை
04.04.2025

தம்பிக்கு,

முடிவு செய்துவிட்டேன். அடைக்கச் சொல்.

ஆயிரத்து நூறு பேருக்கு ஒரு கிராம் போயிருக்கிறது. இன்னும் உரசினால் இன்னும் தேயும். என் கையில் அது ஒன்றுமில்லாமல் போகக்கூடாது. பெட்டிக்குள்ளாவது ராணியும் மதுரைவீரனும் பத்திரமாக இருக்கட்டும். விஜயகலாவிடம் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். இருநூற்றுப் பத்தொன்பது நாக்கில் வைத்தேன், ஒரு தரமாவது இது என்னவென்று கேட்டேனா? தங்கமாக இருந்தது நம் அதிர்ஷ்டம். நீ உன் பிள்ளைக்காகக் கேட்டாய். அன்றைக்கு நீ சொன்னது சரிதான்.

அக்கா


வத்தளை
10.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான்காம் தேதி எழுதியது இன்றுதான் வந்தது. நான் இரண்டாம் தேதி எழுதியது இன்னும் கிளாக்கர் ஐயாவின் மேசையில் இருக்கும் போலிருக்கிறது. அதனால் இதை அஜந்தனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் இன்றே பஸ் ஏறுகிறான்.

நான் சொன்னது சரி என்று நீங்கள் எழுதியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சீல் வைத்து, இலக்கம் போட வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான். அப்ஹமிடம் விலை கேட்டிருக்கிறேன்.

காசை அடைக்கக் கொடுக்கவில்லை, என் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு கிராம் தேய நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மீதி ஆறே முக்கால் கிராம். இன்னும் அறுநூறு வருடம் தாங்கும், கணக்குப் பார்த்துவிட்டேன். அதற்குள் நமக்கு வீட்டு இலக்கம் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

பதின்மூன்றாம் தேதி மூன்று பேரும் வருகிறோம். தேன் வாங்கி வையுங்கள்.

கிருஷாந்த்


லில்லிவத்தை
22.04.2025

தம்பிக்கு,

நீங்கள் போன மறுநாள் விஜயகலாவுக்குப் பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அஜந்தன் பெயர் வைக்க உயிரோடுதான் இருக்கிறான்.

மூன்றாம் நாள் காசை மிஸ் சொன்னபடி இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். பக்கத்திலேயே மணிக்கூட்டோடு நின்றார். வாயில் வேண்டாம் என்றாயிற்று, எங்கே வைப்பது? அவரே யோசித்து, "காலடியில வைங்கக்கா, அது சட்டத்துல இல்ல" என்றார். கல்லில் உரசி, உள்ளங்காலில் தொட்டேன். பிள்ளை காலை உதறியது. உதறியதில் துளி மினுக்கம் மிஸ்ஸின் வெள்ளை உடுப்பில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பின்னேரம் வேலை முடிந்து கிளம்பும்போதும் அங்கேயே இருந்தது.

ஆளுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கதையைக் கிளாக்கர் ஐயா பரப்பிவிட்டார். கடிதத்தைத்தான் தாமதமாகக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா வாசலில் றப்பர் பால் நிறுக்கிற வரிசையைவிடப் பெரிய வரிசை. இங்கே பிறந்து அவிசாவளை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறவன் பஸ்ஸைச் சந்தியில் நிறுத்திவிட்டு வந்தான். எண்பத்தொரு வயதுக் கந்தையா மாமா வந்தார், காசைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நாக்கை நீட்டினார். நீ விட்டுப்போன கண்ணாடியை வாங்கி ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"என் கோடு எது கலை?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஆளுக்கொரு கோட்டைக் காட்டினேன். எல்லோரும் அதை நம்பினார்கள். பார்த்துவிட்டுப் போகும்போது ஒருவரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. கண்டக்டர்கூட. நம் ஆட்கள் கோயிலில்கூட அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கவினுடையதை மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழைய இடம் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் உரசுங்கள் என்று நீதானே சொன்னாய். உரசும்போது கல்லைப் பிடித்திருந்ததும் நீதான்.  தேனை நக்கிவிட்டு, "அத்த, இன்னும்" என்று கேட்டானே, ஆயிரத்து நூறு பேரில் வாய்திறந்து இரண்டாம் தரம் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அந்தக் கோடு இன்னும் புத்தம் புதிதாக மின்னுகிறது. பக்கத்தில் விஜயகலாவின் மகளுடையது. அந்தப் பக்கத்துக்கு இனிமேல் புளியும் இல்லை, பல்பொடியும் இல்லை. தானாகக் கறுக்கட்டும்.

அக்கா